பிறந்த நாழிகையும் பிறகு வரும் 28 நாட்களும்

(நமது சங்கத்தின் பாலக்காடு குடும்பக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை. வர இயலாத வெளியூர் அன்பர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

அழைப்பிதழில் "கம்ப்யூட்டரும் கைக்குழந்தையும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு மாமி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டிம்மா, இனிமே குழந்தையையும் கம்ப்யூட்டரே வளர்த்துடுமா?" என்று கேட்டார். இல்லை மாமி, குழந்தையை நாம்தான் வளர்க்க வேண்டும். கணக்கை மட்டும் அது வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் எதை எழுத வேண்டும், அது யார் கையில் இருக்க வேண்டும், அதைப் பார்த்து யார் எழுந்து ஓட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் என்ன கேட்கிறோம்? ஆணா பெண்ணா என்பது முதல் கேள்வி. எத்தனை மணிக்கு என்பது இரண்டாவது. ஜாதகம் கணிக்க வேண்டுமே! ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். அதை அறுபதாகப் பங்கிட்டால் விநாழிகை, அதாவது 24 செகண்டு. இத்தனை நுட்பமாகப் பிறந்த நேரத்தைக் குறிக்கும் வழக்கம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆனால் "நாலாம் நாள் குழந்தையின் எடை என்ன? நேற்றிலிருந்து இன்றுவரை எத்தனை முறை துணி நனைந்தது?" என்று டாக்டர் கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஜாதகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. என் பெண்ணுக்கும் எழுதி வைத்திருக்கிறோம். அதே பேனாவை இன்னும் 28 நாட்களுக்கு மூடாமல் வைத்திருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏன் 28 நாட்கள்?

உலகில் ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் 28 நாட்களில்தான் இறக்கிறார்கள். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்தில். நம் கேரளம் இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடி. 2023-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியா முழுவதற்கும் 25, கேரளத்தில் 5. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் மாநிலத்தின் சராசரி என்பது மலையில் இருக்கும் ஒரு தாயின் நிலைமையைச் சொல்லாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் வழக்கமே அண்மைக்காலத்தில் வந்ததுதான். 1952-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருந்து நிபுணர் ஒரு எளிய முறையைச் சொன்னார். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கை கால் இறுக்கம், மூச்சு என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10. இன்றும் உலகெங்கும் பிரசவ அறையில் முதல் நிமிஷமும் ஐந்தாம் நிமிஷமும் இதைப் போடுகிறார்கள். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். ஆனால் எண் குறைவாக இருந்தால் அந்த அறையில் இருப்பவர்கள் உடனே அந்தக் குழந்தையிடம் போகிறார்கள். ஒரு நல்ல கணக்குக்கு இதைவிட வேறு இலக்கணம் இல்லை.

நான் எழுதிய மென்பொருள்

இனி என் கதை. நான் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். கணவர் வங்கி அதிகாரி. மாற்றலாகி மூணாறில் இருக்கிறார். அம்மா வீடு இங்கே பாலக்காட்டில். மாமியார் வீடு உடுமலைப்பேட்டையில். ஆக, ஒரு குழந்தைக்கு மூன்று வீடு, இரண்டு மாநிலம். சீமந்தம் முடிந்து பாலக்காடு வந்ததும், கையில் இருந்த நேரத்தில் ஒரு சிறிய மென்பொருள் எழுத ஆரம்பித்தேன்.

இப்படி எழுதியது நான் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பேபி படி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். தூக்கம், பால், டயப்பர், குப்புறப் படுத்த நேரம் எல்லாவற்றையும் அது குறித்து வைக்கும். குழந்தையின் விவரம் ஏதோ ஒரு கம்பெனியின் கையில் போகாமல் நம் வீட்டிலேயே இருக்கும் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். அதைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டு நடைமுறைக்கு ஏற்ற மாதிரி, தமிழில், இன்னும் சுருக்கமாக ஒன்றை எழுதினேன்.

எழுதும்போதுதான் சில சிக்கல்கள் தெரிந்தன. முதலாவது, ஒரு நாள் என்பது எப்போது தொடங்குகிறது? கம்ப்யூட்டருக்கு நள்ளிரவு 12 மணிக்கு. என் அம்மாவுக்குச் சூரிய உதயத்தில். விடியற்காலை மூன்று மணிக்குக் கொடுத்த பாலை அம்மா "நேத்து ராத்திரி" என்பாள். கம்ப்யூட்டர் "இன்று" என்று எழுதும். எப்படி வெட்டினாலும் ஓர் இரவின் கணக்கு இரண்டாகப் போய்விடுகிறது. ஆகவே தேதியையே விட்டுவிட்டு, எந்த நேரத்தில் பார்த்தாலும் "கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை" என்று மட்டும் காட்டும்படி வைத்தேன். டாக்டர்கள் கேட்பதும் அதைத்தானே.

இரண்டாவது, ஒரே பாலை இரண்டு பேர் பதிவு செய்வது. நான் போனில் தட்டுவேன், அம்மாவும் தட்டுவாள். பத்து நிமிஷத்துக்குள் இரண்டு பதிவு வந்தால், "இது ஒன்றா, இரண்டா?" என்று கேட்கச் சொன்னேன். கணக்கு கூடிப்போவது குறைவதைவிட ஆபத்து. குடிக்காத பாலைக் குடித்ததாகக் காட்டிவிடும் அல்லவா?

மூன்றாவது, இருட்டில் போன் வெளிச்சம். கண் கூசுகிறது என்று அம்மா இரவில் போனைத் தொடவே மாட்டாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பாலுக்கு ஒரு கோடு, நனைந்த துணிக்கு ஒரு வட்டம் என்று பென்சிலால் போட்டு வைப்பாள். காலையில் நான் அதை ஏற்றிவிடுவேன். நாலாவது, மூணாறில் மழைக்காலத்தில் சிக்னல் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பதிவு முதலில் போனிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் மற்றவர்களுக்குப் போகும்படி செய்ய வேண்டியிருந்தது.

என்னென்ன பதிவு என்றால், ஐந்தே ஐந்து: பால், சிறுநீர், மலம், எடை, உடம்புச் சூடு. ஆரம்பத்தில் தூக்கம், அழுகை, குளியல் எல்லாம் வைத்திருந்தேன். பிரசவத்துக்கு முன் அம்மாவிடம் காட்டியபோது, "இத்தனையும் எழுதிண்டு உக்காந்தா குழந்தையை யாருடி எடுக்கறது?" என்றாள். நியாயமான கேள்வி. எடுத்துவிட்டேன்.

நாலாம் நாள்

குழந்தை 37 வாரத்தில் பிறந்தாள். எடை 2 கிலோ 400 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்பது மருத்துவக் கணக்கு. மற்றபடி நன்றாக இருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "எத்தனை சமர்த்து! படுத்தவே இல்லை, சாதுவா தூங்கறது." உண்மைதான், தூங்கிக்கொண்டே இருந்தாள். திரையில் கடந்த 24 மணி நேரத்துக்கான எண்கள் இப்படி இருந்தன: பால் 6, நனைந்த துணி 3. தாய்ப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் 9 என்று இருந்தது. காலில் லேசாக மஞ்சள் தெரிகிற மாதிரியும் இருந்தது. விடியட்டும் என்று உட்காரவில்லை. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எடை 2 கிலோ 180 கிராம். பிறந்த எடையில் 9 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை கொஞ்சம் குறையும். 10 சதவீதத்தை நெருங்கினால் கவனிக்க வேண்டும். மஞ்சள் காமாலை அளவும் கூடியிருந்தது. மஞ்சள் ஏறினால் குழந்தை தூங்கி வழியும். தூங்கினால் பால் குறையும். பால் குறைந்தால் மலம் குறைந்து மஞ்சள் இன்னும் ஏறும். அந்தச் சக்கரத்தை நடுவில் வெட்ட வேண்டும். இரண்டு நாள் நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பி, பால் எடுத்துப் பாலாடையில் புகட்டச் சொன்னார்கள். நம் வீட்டுப் பழைய பாலாடை, ஆஸ்பத்திரியிலும் அதேதான்! பதினைந்தாம் நாள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டாள்.

மென்பொருள் அவளைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றியது டாக்டரும் நர்ஸும் தாய்ப்பாலும். ஆனால் "எப்போதிலிருந்து பால் குறைந்தது?" என்று டாக்டர் கேட்டதும் நான் ஒரே ஒரு தாளை நீட்டினேன். அதில் பதில் இருந்தது. சமர்த்து என்று எல்லோரும் மெச்சிய தூக்கத்துக்கும் நோயின் தூக்கத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, எண்ணில் தெரிந்தது.

ஒரே பாதையில் இரண்டு எல்லை

பாலக்காட்டிலிருந்து மூணாறு போவதென்றால், கொழிஞ்சாம்பாறை தாண்டி, கோபாலபுரம் சோதனைச்சாவடி வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பிறகு சின்னாறு, மறையூர் என்று போகிறோம். கேரளத்தில் ஏறி, தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி கேரளம். என் பெண்ணுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி பாலக்காட்டில், பத்தாவது வாரம் உடுமலைப்பேட்டையில், பதினாலாவது வாரம் மூணாறில். மூன்று ஊசி, மூன்று ஊர், இரண்டு மாநிலம். அரசுத் தடுப்பூசி எந்த மாநிலத்தில் போட்டாலும் இலவசம்தான். ஆனால் பாலக்காட்டில் அட்டையில் மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். உடுமலை நர்ஸம்மா தேதியையும் எடையையும் மட்டும் படித்தார். அதுவே போதுமானதாக இருந்தது. எண்ணுக்கு மொழி இல்லை.

எங்களிடம் கார் இருந்தது, போன் இருந்தது, கேட்க நாலு பேர் இருந்தார்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களை எண்ணிப் பாருங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் அங்கும் உண்டு. போடிமெட்டு வழியாகப் போடிக்கும், குமுளி வழியாகக் கம்பத்துக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அட்டப்பாடிக்காரர்கள் ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர் போகிறார்கள்.

2011-ம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஆஷா பணியாளர்கள் வீடு தேடி வந்து பச்சைக் குழந்தையைப் பார்க்கும் திட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு முறை. எங்கள் வீட்டுக்கும் ஆஷா வந்தார், எடை பார்த்தார். ஆனால் ஏழாம் நாள் குழந்தை எல்லையைத் தாண்டிப் போயிருந்தால்? இந்தப் பக்கத்து ஆஷா வந்து பூட்டிய வீட்டைப் பார்ப்பார். அந்தப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியருக்கு அப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

இதைச் சரிசெய்ய அரசும் முயன்றுகொண்டுதான் இருக்கிறது. 2009-ல் தாய்-சேய் கண்காணிப்புப் பதிவு நாடு முழுவதற்கும் வந்தது. தமிழ்நாட்டில் பிக்மி என்ற தனிப் பதிவும் இருக்கிறது. தடுப்பூசிக்காக யு-வின் என்ற பதிவு 2023-ல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடெங்கும் விரிந்தது. எந்த ஊரில் போட்ட ஊசியும் எந்த ஊரிலும் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல காரியம். ஆனால் ஊசிக்கு ஊசி நடுவில் இருக்கும் நாட்களில், பால் குறைந்ததையும் துணி நனையாததையும் எந்த அரசுக் கம்ப்யூட்டரும் பார்க்க முடியாது. அது அந்தத் தாயின் கையில் இருக்கும் தாளில்தான் தெரியும்.

பதிவு மட்டும் போதுமா?

போதாது. 2013-ல் அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அகளி, புதூர், சோலையூர்ப் பஞ்சாயத்துகள். தாய்மார்களுக்கு ரத்த சோகை, சாப்பாடு போதாமை. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தைகள். அப்போது தேசியப் பதிவு வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கர்ப்பிணியின் தட்டில் சாப்பாடு இல்லை என்றால், அவள் பெயர் எத்தனை பட்டியலில் இருந்தும் பயனில்லை.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற பின்தங்கிய காட்டு மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையின் எடை, சூடு, மூச்சு எல்லாவற்றையும் பார்த்து எழுதினார்கள். அதோடு நிற்காமல் சிகிச்சையும் தொடங்கினார்கள். 39 கிராமங்களில் பச்சைக் குழந்தைகளின் இறப்பு, ஒப்பிட்டுப் பார்த்த மற்றக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். ஆஷாக்கள் வீட்டுக்கு வருவதற்கு வழிகாட்டியாக இருந்தது இந்த அனுபவம்தான்.

அதிகம் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக அவர்கள் செய்த கருவி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நிமிஷ மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் தீர்வதற்குள் எல்லா மணியும் நகர்ந்துவிட்டால் மூச்சு வேகம் அதிகம், சிகிச்சை வேண்டும். பச்சைக் குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 மூச்சு என்பதே எல்லை. தொழிலில் இத்தனை வருஷமாக நிரல் எழுதுகிறேன். இத்தனை சுத்தமான ஒன்றை நான் எழுதியதில்லை.

நாம் செய்யக்கூடியது

வீட்டில் பிரசவத்துக்குப் பெண் வந்திருக்கும் பெரியவர்களுக்குச் சில வார்த்தைகள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்; சீம்பாலைப் பீய்ச்சி வெளியே ஊற்றாதீர்கள். ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. எங்கள் குழந்தைக்கு ஜாதகர்மா செய்தபோது, தேனை வாயருகே காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று வாத்தியாரே சொல்லிவிட்டார்.

ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்கு வையுங்கள். 24 மணி நேரத்தில் பால் 8 முறைக்குக் கீழே போனாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு நனைந்த துணி 6-க்குக் குறைந்தாலும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளானாலும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலோ, வலிப்பு வந்தாலோ, நெஞ்சு குழிந்து மூச்சு வாங்கினாலோ, உடம்பு கொதித்தாலும் சில்லிட்டாலும், தூண்டினாலும் அசையாமல் கிடந்தாலோ நல்ல நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். அந்தத் தாளை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். என் மென்பொருளின் ஐந்து பதிவுகளையும் எபகாயச் சின்னங்களையும் படங்களோடு ஒரே பக்கத் தாளாகச் செய்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மூணாறில் எங்கள் குடியிருப்பில் வேலைக்கு வரும் அம்மாளின் மகள் இந்தத் தாளோடுதான் போடிக்குப் பிரசவத்துக்குப் போனாள். அங்கே செவிலியர் வந்தபோது காட்டியிருக்கிறாள். அவரும் அதிலேயே எடையைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். இதை அச்சடித்து, நம் வீடுகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், நம் வீட்டில் வேலை செய்பவர்கள், எல்லையோரத்து அங்கன்வாடிகள் என்று கேட்பவர் எல்லோருக்கும் கொடுக்கலாம். வெளியூர்க் கிளைகள் தங்கள் ஊர் மொழியைச் சேர்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு தாளின் செலவுதான்.

 மாதிரித் தாள்கள் வாசலில் சந்தன மேஜை மீது இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது நாள் நெருங்கியிருந்தால் போகும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.